ஜப்பானில் தொழில்நுட்பப் பயிற்சிக் காலமும் நிரந்தர வதிவிட உரிமையும்

தொழில்நுட்பப் பயிற்சி (ஜப்பானிய மொழியில் கினோ ஜிஷ்ஷூ) என்பது வெளிநாட்டு இளைஞர்கள் ஜப்பானியத் தொழிலகங்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்துகொண்டே தொழில் கற்பதற்காக அந்நாடு வழங்கும் வதிவிடத் தகுதியாகும். கூடிய அளவாக ஐந்து ஆண்டுகள் வரை இத்தகுதியில் தங்கலாம். இவ்வாறு தங்கிய ஆண்டுகள், பின்னாளில் நிரந்தர வதிவிட உரிமைக்கு (எய்ஜூ) விண்ணப்பிக்கும்போது கணக்கில் சேருமா என்பது பயிற்சிக்குச் செல்வோர் அனைவருக்கும் எழும் கேள்வியாகும். ஜப்பானிய விதி இரண்டு தனித்தனிக் கணக்குகளைக் கொண்டது. பயிற்சிக் காலம் அவற்றுள் ஒன்றில் சேரும், மற்றொன்றில் சேராது. "சேரும்", "சேராது" என்ற இரண்டு விதமான விடைகளும் மக்களிடையே ஒருசேர உலவுவதற்கு இதுவே காரணமாகும்.

விராலிமலை வட்டாரப் பின்னணி

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள விராலிமலை, திருச்சிராப்பள்ளி–மதுரை தேசிய நெடுஞ்சாலையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றிப் பல தொழிற்சாலைகள் இயங்குகின்றன. 1960களில் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலை தொடங்கப்பட்ட பின்னர், அதனைச் சார்ந்து இரும்புக் கட்டுமானப் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் இப்பகுதி முழுவதும் பெருகின. எனவே வெல்டர், பிட்டர், டர்னர் ஆகிய தொழில்கள் இவ்வட்டார இளைஞர்களுக்குப் புதியன அல்ல.

வெளிநாட்டு வேலை என்றால் இங்கு நெடுங்காலமாகச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்றே பொருள். இவ்வரிசையில் ஜப்பான் சேர்ந்தது அண்மையில்தான். தொழில்நுட்பப் பயிற்சி தொடர்பான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இந்தியாவும் ஜப்பானும் 2017 அக்டோபரில் கையெழுத்திட்டன. இந்தியத் தரப்பில் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் ஆட்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒப்புதல் அளிக்கிறது. 2021 சனவரியில் "குறிப்பிட்ட திறன்" பணியாளர்களுக்கான மற்றோர் உடன்படிக்கையும் ஏற்பட்டது. 2025 ஆகத்து மாதம் இரு நாடுகளும் வெளியிட்ட செயல்திட்டம், ஐந்தாண்டுகளில் இரு திசைகளிலும் ஐந்து இலட்சம் பேர் சென்று வருவதையும், அவர்களுள் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் 50,000 திறனாளர்களையும் இலக்காகக் கொண்டுள்ளது. வெல்டிங் தொழில் பயிற்சித் திட்டத்தின் தொழிற்பட்டியலில் இடம்பெற்றிருப்பது இவ்வட்டாரத்தாருக்குக் குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

விசாவும் வதிவிடத் தகுதியும்

பேச்சு வழக்கில் "டிரெய்னி விசா" என்றே இது வழங்கப்படுகின்றது. ஆயினும் ஜப்பானியச் சட்டத்தில் விசா வேறு, வதிவிடத் தகுதி வேறு. விசா என்பது கடவுச்சீட்டில் தூதரகம் அளிக்கும் நுழைவுப் பரிந்துரை; நாட்டுக்குள் நுழைந்தவுடன் அதன் பணி முடிந்துவிடும். அதன்பின் ஒருவர் எந்த வேலையை, எவ்வளவு காலம் செய்யலாம் என்பதை முடிவு செய்வது வதிவிடத் தகுதியாகும் (சைர்யூ ஷிகாகு). வதிவிட அட்டையில் அச்சிடப்பட்டிருப்பதும் இத்தகுதியே. நிரந்தர வதிவிடத்துக்கான ஆண்டுக் கணக்கு முழுவதும் இதை வைத்தே போடப்படுகின்றது. ஆகையால் ஒருவர் தம் காலத்தைக் கணக்கிட விரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டிலுள்ள விசாவை அன்று; அட்டையிலுள்ள தகுதியின் பெயரை.

தொழில்நுட்பப் பயிற்சி மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் ஓராண்டு, இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் இரண்டிரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டவும் திறன் தேர்வில் தேற வேண்டும். இதற்கு அடுத்த படியாக உள்ளது குறிப்பிட்ட திறன் (தொகுதெய் கினோ) என்னும் தகுதி. அதன் முதல் வகையில் மொத்தம் ஐந்தாண்டுகள் தங்கலாம். இரண்டாம் வகையில் கால வரம்பு இல்லை. வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளவும் முடியும். பயிற்சியின் இரண்டாம் கட்டத்தை நல்ல முறையில் முடித்தவர், அதே துறையில் குறிப்பிட்ட திறன் முதல் வகைக்கு மாறும்போது திறன் தேர்வோ மொழித் தேர்வோ எழுத வேண்டியதில்லை.

வரலாறு

1982இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் பயிற்சியாளர்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்தது. 1990இல் "பயிற்சி" (கென்ஷூ) தனி வதிவிடத் தகுதியாயிற்று. 1993இல் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வளரும் நாடுகளுக்குத் தொழில் திறனைக் கொண்டு சேர்ப்பதே இதன் நோக்கம் என அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் ஆள் பற்றாக்குறையுள்ள சிறு தொழிலகங்களுக்கு இது ஆட்களைத் தரும் வழியாக அமைந்தது என்பது ஜப்பானுக்குள்ளேயே பலகாலம் எழுந்த குற்றச்சாட்டாகும். தொடக்கத்தில் முதலாண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி அல்லர். அவருக்குக் கிடைத்தது ஊதியமன்று, உதவித்தொகை. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 2010 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது "தொழில்நுட்பப் பயிற்சி" தனித் தகுதியாகி, தொடக்க வகுப்புகள் முடிந்த நாள் முதல் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும் நிலை ஏற்பட்டது. பயிற்சியாளர் பாதுகாப்புக்கான தனிச்சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

அறிவிக்கப்பட்ட நோக்கம் இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடித் தொடர்புடையது. கற்றுக்கொண்டு தாய்நாடு திரும்புவதே திட்டத்தின் அடிப்படை என்பதால், அக்காலத்தைக் குடியேற்றத்துக்கான காலமாக அரசு கருதுவதில்லை.

நிரந்தர வதிவிடத்துக்கான விதி

ஜப்பானின் குடிவரவுச் சட்டம் நிரந்தர வதிவிடத்துக்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: நன்னடத்தை, தன் வாழ்வைத் தானே நடத்தும் வருவாய், அவரது வதிவு நாட்டின் நலனுக்கு உகந்தது என்ற மதிப்பீடு. ஆண்டுக் கணக்கு இவற்றுள் மூன்றாவதன் கீழ், குடிவரவு நிர்வாகத்தின் வழிகாட்டு நெறிகளில் இடம்பெறுகின்றது. அது கூறுவது இரண்டு:

முதலாவது, விண்ணப்பிப்பவர் இடைவிடாது பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஜப்பானில் வதிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அப்பத்து ஆண்டுகளுள் இடைவிடாத ஐந்து ஆண்டுகளேனும் வேலைத் தகுதியிலோ குடும்ப உறவு முதலியவற்றால் அமையும் குடியிருப்புத் தகுதியிலோ கழிந்திருக்க வேண்டும். தொழில்நுட்பப் பயிற்சியும் குறிப்பிட்ட திறன் முதல் வகையும் இங்கு வேலைத் தகுதியாகக் கொள்ளப்படா.

விலக்குக் கூறும் இச்சொற்கள் 2019இல் சேர்க்கப்பட்டவை. அவ்வாண்டு ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் தகுதி அறிமுகமானதையொட்டி இம்மாற்றம் வந்தது. விலக்கு இரண்டாவது கணக்குக்கு மட்டுமே உரியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதற்கணக்கு எந்தத் தகுதியில் வதிந்தார் என்று கேட்பதில்லை. முறையான வதிவாக இருந்தாலே போதுமானது. எனவே பயிற்சிக் காலம் பத்தாண்டுக் கணக்கில் முழுமையாகச் சேரும். ஐந்தாண்டுக் கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது.

கணக்கிடும் முறை

விராலிமலையைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் தமது 20ஆம் அகவையில், 2019 சூலையில், பயிற்சியாளராகச் சென்றார் எனக் கொள்வோம். மூன்றாண்டுப் பயிற்சியை 2022 சூலையில் முடித்து, ஜப்பானிலிருந்தபடியே குறிப்பிட்ட திறன் முதல் வகைக்கு மாறுகிறார். அதன் ஐந்தாண்டு வரம்பு முழுவதையும் பயன்படுத்தி 2027 சூலையில் இரண்டாம் வகைக்குச் செல்கிறார். 2029 சூலையில் அவருக்குப் பத்தாண்டு நிறைவுறும். ஆனால் வேலைத் தகுதிக் கணக்கு 2027இல்தான் தொடங்கியது. ஆகவே அவர் 2032 சூலை வரை காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு அகவை 33. ஜப்பானில் கழித்தவை 13 ஆண்டுகள்.

அதே நாளில் சென்ற மற்றொருவர், முதல் வகையில் இரண்டாண்டு முடிந்தவுடன் 2024 சூலையில் இரண்டாம் வகைத் தேர்வில் தேறிவிடுகிறார் எனக் கொள்வோம். அவருக்குப் பத்தாண்டுக் கணக்கும் ஐந்தாண்டுக் கணக்கும் 2029 சூலையில் ஒரே நேரத்தில் நிறைவடைகின்றன. பட்டம் பெற்று முதல் நாளிலேயே பொறியாளர் தகுதியில் நுழைந்தவருக்கும் பொது விதிப்படி பத்தாண்டுகள் தேவை. ஆகவே கால அளவில் இவ்விருவருக்கும் வேறுபாடு எதுவுமில்லை.

இவ்விரண்டு கணக்குகளையும் ஒப்பிடும்போது ஒன்று புலப்படும். பயிற்சியும் முதல் வகையும் சேர்ந்து ஐந்தாண்டுகளைத் தாண்டாதவரை எந்த இழப்பும் இல்லை. ஐந்தைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டும் நிரந்தர வதிவிடத்தை ஓராண்டு தள்ளிப்போடுகிறது. பயிற்சியின் மூன்று கட்டங்களையும், முதல் வகையின் ஐந்தாண்டையும் முழுமையாக முடித்தவருக்கு 15 ஆண்டுகள் ஆகிவிடும். இக்காரணத்தால் மூன்றாண்டுப் பயிற்சி முடிந்த நிலையில் மூன்றாம் கட்டத்துக்குச் செல்வதா, குறிப்பிட்ட திறனுக்கு மாறுவதா என்ற தெரிவு, அந்நேரத்தில் தோன்றுவதைவிடப் பெரியது.

குடும்பத்தைப் பொறுத்தவரை இத்தாமதத்தின் சுமை இன்னும் கூடுதல். பயிற்சியாளருக்கும் முதல் வகையினருக்கும் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மேற்கூறிய முதலாமவர் எட்டு ஆண்டுகளும் இரண்டாமவர் ஐந்து ஆண்டுகளும் தனித்தே வாழ நேரிடும்.

இரண்டாம் வகைக்கான தடை

இரண்டாம் வகை தொடக்கத்தில் கட்டுமானம், கப்பல் கட்டுதல் ஆகிய இரண்டு துறைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2023இல் அது 11 துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. தொழிற்சாலை உற்பத்தி, வேளாண்மை, உணவகத் தொழில் முதலியன அப்போது சேர்ந்தவை. அதற்கு முன்னர், தொழிற்சாலையில் பணிபுரிந்த வெல்டர் எவ்வளவு திறமையுடையவராயினும் முதல் வகையுடன் நின்றுவிட வேண்டியிருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் அதே வேலையைச் செய்தவருக்கு அத்தடை இல்லை. முதியோர் பராமரிப்புத் துறை இப்பட்டியலில் இடம்பெறவில்லை. அத்துறையினர் தேசியத் தேர்வில் தேறினால் "பராமரிப்பு" (காய்கோ) என்ற தனி வேலைத் தகுதிக்கு மாறலாம். அது ஐந்தாண்டுக் கணக்கில் சேரும்.

இரண்டாம் வகைத் தேர்வு எளிதானதன்று. தொழில் திறனுடன், சில துறைகளில் பிறரை வழிநடத்திய அனுபவமும் கேட்கப்படுகின்றது. கேள்விகளை ஜப்பானிய எழுத்தில் படித்தறிய வேண்டும். பட்டறையில் கைத்திறன் மிக்கவர்கள் இத்தேர்வில் பின்தங்குவது பெரும்பாலும் மொழியால்தான்.

தொடர்ச்சி அறுபடுதல்

இரு கணக்குகளிலும் "இடைவிடாது" என்ற சொல் உள்ளது. விடுமுறைக்கு ஊர் வந்து செல்வது தொடர்ச்சியை அறுக்காது. ஆனால் மீள்நுழைவு அனுமதியுடன் வெளியேறியிருக்க வேண்டும். 2012 சூலை முதல், ஓராண்டுக்குள் திரும்புவோருக்குச் சிறப்பு மீள்நுழைவு அனுமதி என்னும் எளிய வழி உள்ளது. வெளியேறும்போது விமான நிலையப் படிவத்தில் அதனைக் குறித்தாலே போதும். அவ்வாறு குறிக்காமல் வெளியேறினால் வதிவிடத் தகுதி அன்றே இழக்கப்படும். பின்னர்ப் புதிய விசாவில் வந்தால் கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பி, சில மாதங்களோ ஓராண்டோ விராலிமலையில் இருந்துவிட்டு, குறிப்பிட்ட திறன் தகுதியில் மீண்டும் செல்பவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுடைய பயிற்சிக் காலம் பத்தாண்டுக் கணக்கிலிருந்தும் நீங்கிவிடும். எனினும் முதல் வகையில் ஐந்தாண்டு முழுவதும் இருந்து, பின்னர் இரண்டாம் வகையில் ஐந்தாண்டு இருப்பவருக்கு இதனால் இழப்பில்லை. அந்த ஐந்தும் ஐந்துமே பத்தை நிறைத்துவிடும். இழப்பு விரைவில் தேர்வில் தேறுபவருக்கே.

பயிற்சியாளர் தம் விருப்பப்படி முதலாளியை மாற்றிக்கொள்ள இயலாது என்பது இத்திட்டத்தின் பெருங்குறை. இதனாலும் ஊதியப் பிணக்குகளாலும் கடன் சுமையாலும் வேலையிடத்தை விட்டு மறைந்து செல்வோர் உள்ளனர். 2023இல் மட்டும் அவர்களின் எண்ணிக்கை 9,700க்கும் மேல். தகுதி காலாவதியான பின் தங்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் சேரா. நன்னடத்தை என்ற முதல் நிபந்தனையும் உடைபடும்.

வரியும் ஓய்வூதியமும்

ஆண்டுகள் நிறைந்தாலும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை உரிய நாளில் செலுத்தியதற்கான சான்றுகள் கேட்கப்படும். காலந்தாழ்த்திக் கட்டியதும் குறையாகவே கொள்ளப்படும். தொழிலகம் ஊதியத்தில் பிடித்தம் செய்து கட்டிவந்தவரைவிட, வேலை மாறிய இடைவெளியில் தாமே கட்ட வேண்டியிருந்தவர்களே இதில் அதிகம் சிக்குகின்றனர்.

ஊர் திரும்பும் பயிற்சியாளர் பலர், தாம் கட்டிய ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறுவர். இதற்குரிய உச்ச வரம்பு 2021 ஏப்ரலில் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. பணத்தைப் பெற்றவுடன் அவ்வாண்டுகள் ஓய்வூதியப் பதிவிலிருந்து நீங்கிவிடும். இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பினும், இவ்வாறு நீங்கிய காலத்தை அதன்கீழ் மீட்க இயலாது. மீண்டும் ஜப்பான் செல்லும் எண்ணமுடையோர் கைக்கு வரும் தொகையுடன் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

விதிவிலக்குகள்

பத்தாண்டு நிபந்தனைக்கு விலக்குகள் உண்டு. ஜப்பானியரையோ நிரந்தர வதிவாளரையோ மணந்து, உண்மையான மண வாழ்வு மூன்றாண்டு நடந்து, ஜப்பானில் தொடர்ந்து ஓராண்டு வதிந்தவர் விண்ணப்பிக்கலாம். உயர்திறன் புள்ளி முறையில் 70 புள்ளிகள் பெறுவோருக்கு மூன்றாண்டும், 80 புள்ளிகள் பெறுவோருக்கு ஓராண்டும் போதுமானவை. இப்புள்ளிகள் கல்வி, ஊதியம், ஆராய்ச்சி ஆகியவற்றைச் சார்ந்தவை என்பதால் பட்டறையிலிருந்து வருவோருக்கு இவ்வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை.

புதிய திட்டம்

தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தை நீக்கி, "திறன் வளர்ப்பு வேலைவாய்ப்பு" (இகுசெய் ஷூரோ) என்னும் திட்டத்தை அமைக்கும் சட்டத்தை ஜப்பானிய நாடாளுமன்றம் 2024 சூனில் நிறைவேற்றியது. இது நடைமுறைக்கு வரும் நாளாக 2027 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டுள்ளது. நாடு திரும்புவது என்ற பழைய நோக்கம் இதில் கைவிடப்பட்டு, மூன்றாண்டுகளில் ஒருவரைக் குறிப்பிட்ட திறன் முதல் வகையின் நிலைக்கு உயர்த்துவது நோக்கமாக அறிவிக்கப்பட்டுள்ளது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதே துறைக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. அதே ஆண்டுத் திருத்தத்தில், வேண்டுமென்றே வரியோ சமூகக் காப்பீட்டுத் தொகையோ கட்டாத நிரந்தர வதிவாளரின் உரிமையைப் பறிக்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. 2024 இறுதியில் ஜப்பானில் தொழில்நுட்பப் பயிற்சியாளர்கள் நான்கரை இலட்சம் அளவிலும், நிரந்தர வதிவாளர்கள் ஒன்பது இலட்சத்துக்கு மேலும் இருந்தனர்.

பிற நாடுகள்

பயிற்சிக் காலத்தை ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விதமாக எண்ணுகின்றது. ஜெர்மனியின் வதிவிடச் சட்டம், ஐந்தாண்டு வதிவைக் கேட்கும் பொது வழியில், படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ தங்கிய காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கேயே தொழிற்பயிற்சியை (அவுசுபில்டுங்) முடித்தவர், பின்னர் திறன் பணியாளர் தகுதியில் இரண்டாண்டு கழித்தாலே பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு விண்ணப்பிக்கலாம்.

ஐக்கிய இராச்சியத்தில் 2008 வரை பயிற்சி மற்றும் பணி அனுபவத் திட்டம் என்ற ஒன்று இருந்தது. அதில் கழித்த காலம் ஐந்தாண்டு வேலை வழிக் குடியேற்றத்துக்குச் சேரவில்லை. ஆனால் பத்தாண்டு முறையான நெடுவதிவு என்ற மற்றொரு வழிக்குச் சேர்ந்தது. ஒரு கணக்கில் சேர்ந்து மறுகணக்கில் சேராத ஜப்பானிய முறையை இது பெரிதும் ஒத்திருந்தது.

விராலிமலையார் நன்கறிந்த சிங்கப்பூரில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு நிரந்தர வதிவிடத்துக்கு இத்தனை ஆண்டு என்ற நிலையான கணக்கு எதுவுமில்லை. கையிலுள்ள அனுமதியின் வகையே வாயிலைத் திறக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் ஆகியவற்றை உடையோர் வேலை அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் பெறும் வொர்க் பெர்மிட்டுக்கும், ஆறு மாதம் வரை வழங்கப்படும் பயிற்சி வொர்க் பெர்மிட்டுக்கும் வேலை அடிப்படையிலான அவ்வுரிமை இல்லை. வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யக்கூடிய கூடுதல் கால வரம்பைச் சிங்கப்பூர் 2025 சூலை 1 முதல் நீக்கியது. அதன்பின் ஒரு தொழிலாளி முதுமை வரையிலும்கூட அங்கு வேலை செய்யலாம்; ஆயினும் அவர் கழிக்கும் ஆண்டுகள் எத்தனையாயினும், அவ்வனுமதியை மட்டும் கொண்டு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இயலாது.